காசிக்குப் போனவள்

உத்தமபாளையத்தில் நாங்கள் ஒரு வருஷம் போலப் படித்து வாதாடிய அந்தப் புத்தகத்துக்கு முதல் பக்கம் கிடையாது, தலைப்பும் கிடையாது. எழுதியவர் யார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவருடைய தொடர்கதை வரும் வாரங்களில் தபால்காரரை வழியிலேயே மறித்துப் பத்திரிகையை வாங்கிக்கொள்ளும் வீடுகள் எங்கள் ஊரிலும் இருந்தன. ஊர் ஊராகச் சுற்றியவர் என்றும் அவருக்குப் பெயர். எங்கள் கைக்கு வந்தது அவர் பிரயாணங்களை வைத்து எழுதியது.

ஆண்டை நான் குறித்து வைக்கவில்லை. தேதி விஷயத்தில் பிடிவாதக்காரன் என்று பெயர் வாங்கிய எனக்கு இது ஒரு குறைதான். ஆனாலும் நெருங்கிச் சொல்ல முடியும். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே போருக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போவதற்கு முன். பத்திரிகைகளில் யுத்தப் பேச்சு இன்னும் தலைப்புக்கு வரவில்லை. ஆகவே யுத்தத்துக்கும் முன். முப்பதுகளின் பிற்பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். மாதங்கள் மட்டும் சந்தேகமில்லாமல் நினைவிருக்கின்றன. அதற்குக் காரணம் கதையிலேயே வரும். 

நான் அப்போது தாலுகாக் கோர்ட்டில் நகல் எழுதும் வேலையில் இருந்தேன். மாலையில் கோர்ட்டு விட்டதும் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த வாசகசாலைக்குப் போவேன். இரண்டு பெஞ்சு, ஒரு மேஜை, ஒரு பீரோ, அவ்வளவுதான். அங்கே மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி வீட்டார், வண்டியில் இடமில்லை என்று ஒரு காகிதக் கட்டை விட்டுவிட்டுப் போனார்கள். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்தெடுத்த தாள்கள். மேலே சுற்றிய காகிதத்தில் அந்த நாவலாசிரியரின் பெயர் எழுதியிருந்தது. உள்ளே ஏழெட்டுப் பகுதிகள், ஒவ்வொன்றும் நூலால் தனித்தனியே தைக்கப்பட்டவை. ஒவ்வொரு பகுதியின் முதல் தாளிலும் மேல்பாதியில் ஒரு சதுர ஓட்டை. தலைப்பும் சித்திரமும் சேர்ந்து வரும் இடம் அது. அந்த வீட்டுப் பெண்கள் படங்களை வெட்டி டிரங்குப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்கள் என்று அவர்களுக்குப் பால் ஊற்றியவர் சொன்னார்.

கட்டை அப்படியே வைத்தால் சிதறிவிடும் என்று பைண்டு செய்யக் கொடுத்தோம். ஊரில் பைண்டிங் வேலை தெரிந்தவர் ஒரே ஒரு ராவுத்தர். கோர்ட்டுக் கட்டுகளெல்லாம் அவர் கையில்தான் உருப்படியாகும். காலிகோத் துணியில் முதுகு வைத்து, பசை வாசனையோடு, நல்ல கனமான புத்தகமாகத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு அதைக் கட்டு என்று யாரும் சொல்லவில்லை. அது நாவல் ஆகிவிட்டது.

ஆகாமல் என்ன செய்யும்? எல்லாப் பகுதியிலும் "நான்" என்று ஒருவன் பேசுகிறான். எல்லாப் பகுதியிலும் எங்கேயோ போகிறான். முதலில் ராமேசுவரம், பிறகு கொழும்புக் கப்பல், பிறகு ஒரு தேயிலை மலை, பிறகு காசி, பிறகு ரங்கூன். பக்க எண்களும் ஏறிக்கொண்டே போயின. நடுவில் சில எண்கள் இல்லை. அதிகாரி வீட்டில் தொலைத்திருப்பார்கள் என்று நினைத்தோம். ஓரிரண்டு இடங்களில் எண் பின்னால் போவதுபோலத் தெரிந்தது. அச்சுப்பிழை என்று நினைத்தோம். 

எங்கள் பள்ளத்தாக்கில் அந்த நாளில் பிரயாணக் கதையைப் பொழுதுபோக்குக்காக மட்டும் யாரும் படிக்கவில்லை. அதில் புத்தி கேட்டார்கள். காசியில் சத்திரத்துக்காரன் எப்படி, கொழும்பில் இறங்கினால் சாப்பாட்டுக்கு என்ன வழி, மலைக்கு மேல் போனால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அதில் தேடினார்கள். எழுதியவர் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறார் என்ற நம்பிக்கை. ஆகவே கதாநாயகன் செய்த ஒவ்வொன்றும் எங்களுக்கு முன்மாதிரியாகவோ எச்சரிக்கையாகவோ ஆயிற்று.

அந்தப் புத்தகத்தை மிக ஊன்றிப் படித்தவர் ஆற்றோரம் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவர். தோப்புக்காரர் என்றே எல்லோரும் அழைப்போம். நிலமும் உண்டு, நெல்லும் உண்டு. மதுரையைத் தாண்டிப் போனதில்லை. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். அவருக்கு நேர் எதிரே மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் உட்காருவார். கிறிஸ்தவர், நிறையப் படித்தவர், எதையும் பாராட்டுவதற்கு முன் ஒரு குறையாவது சொல்லாமல் விடமாட்டார்.

ராமேசுவரத்துக்கு மனைவியோடு போன கதாநாயகன் கொழும்புக் கப்பலில் ஒரு பெண்ணோடு பேசிச் சிரிக்கும் இடம் வந்தது. தோப்புக்காரர் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டார்.

"என்னமா இளிக்கிறான் பாருங்க. வீட்டுல ஒருத்தி இருக்காளேங்கிற நெனப்பு இருக்கா இவனுக்கு?"

"கப்பல் ஏறிட்டா கல்யாணம் கரையிலயே நின்னுருமுல்ல" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இந்தக் கப்பல் கல்யாணத்துக்கு முந்தி நடந்தது" என்றார் வாத்தியார். "இதுதான் புது முறை. நடந்தத நடந்த வரிசையில சொல்ல மாட்டாரு. முன்ன பின்ன வச்சிருப்பாரு. நாமதான் கோத்துப் படிக்கணும்."

"கோத்துப் படிக்க இதென்ன மல்லியப்பூவா வாத்தியாரே?"

வாத்தியாருக்கு அந்த நாவலாசிரியரிடம் வேறு ஒரு மனத்தாங்கல் இருந்தது. "எந்த ஊர்ல இறங்குனாலும் மொதல்ல காப்பி எப்படின்னு எழுதுறாரு. மூட்டையத் தூக்கிட்டு வந்தவன் மொகத்த ஒரு எடத்துலயும் எழுதல."

"மூட்ட தூக்குறவன் மொகத்தப் படிக்கவா நாம சந்தா கட்டுறோம்?"

"எங்க கட்டுனோம்? ஓசிக் கட்டுதான இது."

இப்படிப் போகும். ஒருவர் அவருடைய வர்ணனையில் மயங்கினார். ஒருவர் எல்லா ஊரும் ஒரே ஊர் மாதிரி இருக்கிறது, பெயர்தான் வேறு என்றார். எனக்கு அந்த நடை பிடித்திருந்தது. ஆனால் ஒரு நல்ல எழுத்தாளர் எந்த மாதத்தில் எங்கே இருந்தார் என்று ஏன் சொல்வதில்லை என்ற எரிச்சலும் இருந்தது.

இந்த வாதங்களில் ஒன்று மட்டும் விளையாட்டு இல்லை. அதற்குத் தோப்புக்காரர் வீட்டு நிலைமையைச் சொல்லவேண்டும்.

அவருக்கு ஒரே மகள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். முந்தின ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை குமுளிக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ரைட்டர், அதாவது ஆள்கணக்கும் எடைக்கணக்கும் எழுதுகிறவர். கல்யாணத்துக்குப் பிறகு மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து அவர் மலைக்குப் போய்விட்டார். பெண் இங்கேயே தங்கிவிட்டாள். மலையில் குளிர்காய்ச்சல். கூடலூரைத் தாண்டி ஏறினவர்கள் மஞ்சள் பூத்த கண்ணோடு இறங்கி வருவதை நாங்களே பார்த்திருக்கிறோம். தோப்புக்காரர் அனுப்பமாட்டேன் என்றார். மாப்பிள்ளை ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்பார். தோட்டத்தில் குடும்பத்தோடு இருக்கிற ரைட்டருக்கு ஒரு வீடு உண்டு. அதைத் தனக்கு என்று வைத்திருக்கிறார்கள், தான் ஒற்றை ஆளாகவே இருந்தால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடைசித் தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஊரிலும் பேச்சு எழுந்துவிட்டது. கல்யாணமாகி ஒரு வருஷமாகியும் பிறந்த வீட்டில் இருக்கிற பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் தேயிலை மலை அத்தியாயம் வந்தது. அதில் கதாநாயகன் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஒரு தோட்டத்துக்குப் போகிறான். பனி, அருவி, ஆரஞ்சு மரம் என்று பக்கம் பக்கமாக வருகிறது. பிறகு அவளுக்குக் காய்ச்சல் வருகிறது. வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் அவளைப் படுக்கவைத்து இறக்குகிறான். அவள் அவன் கையைப் பிடித்திருக்கிறாள். வண்டி வளைவில் திரும்புகிறது. அதோடு முடிகிறது. அடுத்த பகுதி காசி. அங்கே அவன் மனைவி படகுக்காரனிடம் பேரம் பேசுகிறாள்.

அன்று தோப்புக்காரர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொழச்சுட்டா" என்றார்.

"அவதானா? இது ரெண்டாந்தாரமா இருக்கும்" என்றது பின் பெஞ்சு.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருய்யா. ரெண்டாங்கல்யாணம் பண்ணுனா ஒரு வார்த்த எழுதமாட்டானா? காப்பியில ஈ விழுந்தா எழுதுறவன்." பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "காய்ச்சல் வந்தும் எந்திருச்சு காசி வரைக்கும் போயிட்டா பாருங்க தம்பி. வைத்தியம் பார்த்துக்கிட்டாப் போதும்போல" என்றார்.

அது ஐப்பசி. அடைமழை. அதற்குப் பிறகு அவர் பேச்சு மாறியது. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார், மகளும் படித்தாள். கார்த்திகை முடிவதற்குள், பொங்கல் கழிந்ததும் பெண்ணை மலைக்கு அனுப்புவதாக மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிட்டார். குளிர்காய்ச்சலுக்கென்று தபாலாபீசில் விற்கும் கொய்னா மாத்திரையைக்கூட வாங்கி வைத்தார். ஒரு தகப்பனின் பயம் ஒரு கதையின் அடுத்த பகுதியால் தணிந்தது என்று சொன்னால் இப்போது நம்பமாட்டார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

மார்கழியில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கோர்ட்டு அடைக்கும் முன், புத்தகம் என்னிடம் வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் எந்த மாதத்து இதழில் வந்தது என்று கண்டுபிடித்து ஓரத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கதைத் தாள்களின் மறுபக்கத்தில் இருந்த விளம்பரங்கள்தான் எனக்கு ஆதாரம். ராமேசுவரத்தின் முதுகில் தீபாவளிப் பட்டாசு. கொழும்பின் முதுகில் சித்திரை வருஷப்பிறப்புப் பஞ்சாங்கம். தேயிலை மலையின் முதுகில் மறுபடி தீபாவளிப் புடவை. அதற்கு அடுத்ததாக இருந்த காசியின் முதுகில் முந்தின பொங்கலுக்கான வாழ்த்து. இரண்டிலும் வருஷம் அச்சிட்டிருந்தது, காசியில் இருந்தது மலைக்கு முந்தின வருஷம். அப்படியானால் காசி முன்னால், மலை பின்னால். 

ராவுத்தரிடம் போனேன். அவர் பசை கிண்டிக்கொண்டிருந்தார்.

"எந்தக் கணக்குல அடுக்குனீக?"

"நம்பர் கணக்குலதான் தம்பி. வேற எப்படி அடுக்குவாக? கோர்ட்டுக் கட்டு அப்படித்தான கட்டுறோம்."

"அந்தப் பத்திரிகையில ஒவ்வொரு வாரமும் நம்பர் ஒண்ணுலருந்து ஆரம்பிக்கும் பாய். ஒரு வாரம் இந்தக் கதை அஞ்சாம் பக்கத்துல வரும், இன்னொரு வாரம் நாப்பதாம் பக்கத்துல வரும்."

கிண்டுவதை நிறுத்தாமல் யோசித்தார். "அப்ப நம்பருக்கும் கதைக்கும் சம்பந்தமில்லேங்கிறீக. இருக்கட்டும். நம்பர் ஏறுதா இல்லையா? ஏறாத எடத்துல ஓரத்தக் கொஞ்சம் கூட வெட்டி விட்டுட்டேன், பார்வைக்கு அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு."

விடுமுறையில் தேனிக்குப் பஸ்ஸில் போய் ரயிலேறினேன். மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தா வீட்டில் அந்த வாரப் பத்திரிகை முழுசாக, கிழியாமல் அடுக்கி இருந்தது. ஒரு பகல் முழுவதும் தரையில் உட்கார்ந்து தேடினேன். ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறுகதை. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு. ராமேசுவரத்துக்காரன் ஒருவன், கொழும்புக்காரன் இன்னொருவன், காசிக்குப் போனவன் வேறொருவன். எல்லாவற்றிலும் "நான்" என்று எழுதுவது ஆசிரியரின் பழக்கம், அவ்வளவே. தேயிலை மலைக் கதைக்குக் கடைசிப் பத்தி இதழின் பின்பக்கத்தில், ஒரு தைல விளம்பரத்துக்குக் கீழே இருந்தது. எங்கள் கட்டில் அந்தத் தாள் இல்லை. வண்டி அடிவாரம் சேர்வதற்குள் அவள் இறந்துவிடுகிறாள்.

ரயிலில் திரும்பி வரும்போது, பெருமையாகக் கொண்டுவர வேண்டிய ஒரு கண்டுபிடிப்பை நான் மடியில் நெருப்புபோல வைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊரார் அத்தனை பேரின் அபிப்பிராயமும் தவறு. கப்பலில் இளித்தவன் மேல் நாங்கள் சுமத்திய பழியும், வாத்தியாரின் புது முறையும், எல்லாம். அவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் "பொழச்சுட்டா" என்ற ஒரு வார்த்தையின் மேல் ஒரு பெண்ணின் குடித்தனம் நின்றுகொண்டிருந்தது.

முதலில் வாத்தியாரிடம் சொன்னேன். தம் புது முறை போனதற்கு ஒரு நிமிஷம் வருந்தினார்; பிறகு கதவைப் பார்த்துவிட்டு, "இத அவருகிட்டச் சொல்லாதீக" என்றார்.

"தப்பாப் படிச்சு அனுப்புறாரு. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனா?"

"சரியாப் படிச்சா அனுப்ப மாட்டாரு. கதையில செத்தவளுக்காக உசுரோட இருக்குறவள இங்கனயே நிறுத்தி வைக்கணுமா? அந்த எழுத்தாளருக்கு அந்தப் பொண்ணு சாகணும். செத்தாத்தான் அந்த வாரம் கதை முடியும். அதுக்கும் குமுளிக் காய்ச்சலுக்கும் என்ன இருக்கு?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சில நாள் அதோடு போராடினேன். கதையின் முடிவு வாழ்க்கைக்குச் சாட்சியாகாது என்றால், அவள் பிழைத்ததும் சாட்சியாகாது. ஆனால் தோப்புக்காரர் அதைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டுதான் வாக்குக் கொடுத்திருந்தார். சாட்சி பொய் என்று தெரிந்த ஒருவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம் ஆகிவிடுகிறது. கோர்ட்டில் உட்கார்ந்து வாக்குமூலங்களை நகல் எடுத்த கை எனக்கு. சொல்வது என்று முடிவு செய்தேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் நாற்காலி போடச் சொன்னார். மகள் கூடத்துத் தூணுக்கு அந்தப் பக்கம் முறத்தோடு உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் தாய் அடுப்படியில். நான் விளம்பரங்களிலிருந்து தொடங்கி, ராவுத்தர் அடுக்கிய விதம், மதுரையில் பார்த்தது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு அவர் கேட்கவேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டார்.

"அப்ப அந்தப் பிள்ள?"

"செத்துப்போறா. காசிக்குப் போனவ வேற கதை, வேற பொண்ணு."

முறத்தின் சத்தம் நின்றது. தோப்புக்காரர் நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோழி வந்து கொத்தியது, அவர் விரட்டவில்லை.

"நல்ல வேளை சொன்னீக தம்பி" என்றார் கடைசியில். "பொங்கலும் வேணாம் ஒண்ணும் வேணாம். எம்புள்ள இங்கனயே இருக்கட்டும். மாப்பிள்ளைய வேணும்னா கீழ வந்து தோப்பப் பார்க்கச் சொல்றேன்."

"எனக்கு அது அப்பவே தெரியும்யா" என்றாள் மகள்.

இருவரும் திரும்பினோம். அவள் எழுந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எது தெரியும்?"

"ரெண்டும் வேற வேற ஆளுன்னு. மலைக்குப் போனவளுக்கு எழுத்து தெரியாது. ரயில்ல அவ புருசன் அவளுக்கு ஊர் பேரெல்லாம் படிச்சுச் சொல்லிக்கிட்டே வாராக. காசியில இவ போர்டு படிக்கிறா. நடுவுல காய்ச்சல்ல கெடந்தாளே, அப்ப எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இரண்டு வருஷத்து விளம்பரத்தையும் புரட்டி நான் கண்டதை, அவள் கதையைப் படித்தே கண்டிருந்தாள். 

"தெரிஞ்சுக்கிட்டு ஏன்த்தா வாயத் தொறக்கல?" என்றார் தகப்பனார்.

"தொறந்தா விடுவீகளா?"

"செத்துப்போனான்னு தெரிஞ்சும் நீ போறேங்கிறியா?"

"அந்த எழுத்தாளரு எங்க போனாலும் திரும்பி வர்ற வண்டி எப்பன்னு கேட்டுக்கிட்டேதான் போறாக. ராமேசுரமானாலும் சரி, கொழும்பானாலும் சரி. ஊரு பார்க்கப் போறவுகளுக்கு எழுதுன கதைய்யா அது. வேடிக்க பார்க்கக் கூட்டிட்டுப் போனாக, மழையில நனைய விட்டாக, காய்ச்சல் வந்ததும் வண்டி தேடுனாக. அவுகளுக்கு அங்கன ஒரு வீடு உண்டா, அடுப்பு உண்டா? நான் வேடிக்க பார்க்கப் போகல. குடியிருக்கப் போறேன்."

அடுப்படியிலிருந்து தாய், "அவ சொல்றது காதுல விழுதா?" என்று மட்டும் கேட்டார். அது கணவருக்கு. தோப்புக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புப் பக்கம் போய்விட்டார். நானும் எழுந்தேன்.

"கோவிச்சுக்காதீகண்ணே" என்றாள் அவள். "நீங்க சொல்லாட்டியும் என்னைக்காவது தெரியத்தான போகுது. அப்ப, ஏமாத்திப் போனேன்னு ஆகியிருக்கும்."

பொங்கல் கழிந்தது. வாசகசாலைக்குத் தோப்புக்காரர் வரவில்லை. வாத்தியார் என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. தை நடுவில் ஒரு நாள் கோர்ட்டு வாசலில் தோப்புக்காரர் நின்றார். புது வேட்டி, கக்கத்தில் குடை.

"நாளைக்கு லீவு போட முடியுமா தம்பி? மலைக்குப் போயிட்டு வரலாம். எழுதுனவன் போயிப் பார்த்தது போதும். நான் போயிப் பார்க்கிறேன்."

காலை பஸ்ஸில் கம்பம், கூடலூர் வழியாகப் போனோம். ஏற்றம் தொடங்கியதும் அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பாதியில் வண்டி சூடாகி நின்றது. டிரைவர் தகர டின்னில் ஓடைத்தண்ணீர் எடுத்து ஊற்றினார். எல்லோரும் இறங்கிக் கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். வயலும் தென்னையும் ஆறும் ஒரு பாயை விரித்ததுபோலத் தெரிந்தன. நான் அவரைப் பார்த்தேன். அவர் கீழே பார்க்கவில்லை. மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு மாட்டுவண்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஏலக்காய் மூட்டைகள். பெருமூச்சு விட்டார்.

குமுளிச் சாவடியில் சோதனை முடிந்து, தோட்டத்து லாரியில் இடம் கிடைத்துப் போய்ச் சேர மதியம் தாண்டியது. மாப்பிள்ளை எடைக்கொட்டகையில் இருந்தார். மாமனாரைக் கண்டதும் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு ஓடி வந்தார். வீட்டைக் காட்டினார். தகரக் கூரை, மண் சுவர், முன்னால் ஒரு சிறு இடம். தோப்புக்காரர் உள்ளே போனார், பின்னால் போனார், தண்ணீர் எங்கிருந்து எடுக்கவேண்டும் என்று கேட்டு அந்த ஓடை வரை இறங்கி ஏறினார். காலில் இரண்டு அட்டை. மாப்பிள்ளை புகையிலை எச்சிலைத் தடவி எடுத்தார். அந்த எழுத்தாளர் இந்த வீட்டைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்தேன். பனியைப் பற்றி எழுதியிருப்பார். அந்தப் பனியும் அழகாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு ரைட்டரின் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். இடுப்பில் ஒரு குழந்தை. தோப்புக்காரர் வேலியருகே போனார்.

"ஏத்தா, இங்கன காய்ச்சல் வருமா?"

"வரும்யா. எனக்கு வந்துச்சு, எங்க வீட்டுக்காரவுகளுக்கும் வந்துச்சு."

"பொறகு?"

"கொய்னா குடுப்பாக. காது அடைச்சுக்கிரும். கஞ்சி குடிச்சுட்டுக் கெடப்போம். எங்களுக்கு வந்தா அடுத்த வீட்டுல பார்ப்பாக, அவுகளுக்கு வந்தா நாங்க பார்ப்போம்." பிறகு, அவர் ஏன் கேட்கிறார் என்று புரிந்துகொண்டவளாக, "பொய் சொல்லக் கூடாது, போன மழைக்கு லயத்துல ரெண்டு பேரு போயிட்டாக" என்றாள். லயம் என்பது கூலியாட்கள் இருக்கும் வரிசை வீடுகள்.

"ஊருக்கு வந்துரலாம்னு தோணலையா?"

"இதுதானய்யா ஊரு" என்றாள். குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

இரவு அங்கேயே தங்கி மறுநாள் இறங்கினோம். மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி வெயில் உறைத்ததும் அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்.

வீட்டு வாசலில் என்னையும் உள்ளே வரச் சொன்னார். சாட்சி வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. மகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றாள். அவர் குடித்து முடித்துவிட்டுத் தொடங்கினார். கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை.

"காய்ச்சல் வரும். வந்தவுகளப் பார்த்தேன். ரெண்டு பேரு செத்துருக்காக. வீடு சின்னது, தகரம், மழை பேஞ்சா காது கேக்காது. வெறகு ஈரம், பொகையும். தண்ணிக்கு ஓடைக்கு எறங்கணும், வழுக்கும். அட்டை உண்டு, என்னையவே புடிச்சது. அண்டை வீட்டுக்காரி நல்ல பிள்ளையாத் தெரியுது. ஆனா கோயில் இல்ல, சந்தை வாரத்துக்கு ஒரு நாளு."

அவர் நிறுத்தினார். இன்னும் சொல்வதற்கு இருக்கிறதா என்று தேடுவதுபோல இருந்தது. அவள் குனிந்து காலிச் சொம்பை எடுத்தாள்.

"அடுப்பு எந்தப் பக்கம்யா பார்த்து இருக்கு?"

"கெழக்கப் பார்த்துத்தான்" என்றார் அவர் உடனே. "நின்னு பார்த்தேன். காலையில வெயில் நேரா அடுப்புமேல விழுகும்."

அவள் தலையை ஆட்டிவிட்டுச் சொம்போடு உள்ளே போனாள். அவர் செருப்பைக் கழற்றி, அட்டை கடித்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே உள்பக்கம் குரல் கொடுத்தார்.

"கம்பளி ரெண்டு வாங்கணும்த்தா. ஒண்ணு பத்தாது."